அத்தியாயம் 7: பாடம் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறதா? தலைமையாசிரியர் தாமே செய்யும் மதிப்பீடு

கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் பிள்ளைகள் கையில் தமிழ்நாட்டுப் பாடநூல். இந்தப் பக்கம், முதலமடைப் பஞ்சாயத்துக்குள், அதே தமிழ் பேசும் பிள்ளைகள் கையில் கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தயாரித்த பாடநூலின் தமிழ்ப் பதிப்பு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் தமிழ் வழி வகுப்புகளின் நிலை இதுதான். அந்தப் பாடத்திட்டம் உங்கள் வகுப்பறையில் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை வெளியிலிருந்து வரும் யாரும் முழுதாகப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏ.இ.ஓ. ஒரு நாள் வருவார், பி.ஆர்.சி.யிலிருந்து பயிற்றுநர் சில மணி நேரம் இருப்பார். ஜூன் முதல் மார்ச் வரை கூடவே இருப்பவர் நீங்கள்தான்.

இந்த அத்தியாயம் தமிழ் வழி எல்.பி., யு.பி. பள்ளிகளின் தலைமையாசிரியருக்கும் எஸ்.ஆர்.ஜி. (பள்ளி வளக் குழு) கன்வீனருக்கும் எழுதப்பட்டது. மதிப்பெண் பட்டியலை வைத்து முடிவு கட்டுவதை விட்டுவிட்டு, ஒரு பிள்ளை தவறியது பாடம் புரியாததாலா, கேள்வியின் மொழி புரியாததாலா என்று பிரித்தறிய வேண்டும். எல்லைப் பள்ளியில் இந்தப் பிரிப்பு இல்லாமல் செய்யும் எந்த மதிப்பீடும் ஆசிரியரையோ பிள்ளையையோ அநியாயமாகக் குற்றவாளியாக்கும்.

தொடங்கும் முன்: உங்கள் கையில் இருப்பது எது?

பாடநூலை நீங்கள் மாற்ற முடியாது. தேர்வுத் தேதியையும் மாற்ற முடியாது. ஆனால் கால அட்டவணை, பாடங்களின் வரிசை, எந்தப் பாடத்துக்கு எத்தனை பீரியடு, துணை வாசிப்புக்கு எந்தப் புத்தகம், பின்தங்கிய பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பு எப்போது, யார் எடுப்பது ஆகியவை எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் முடிவாகிறவை. மதிப்பீட்டின் பலன் முதலில் இங்கேதான் தெரிய வேண்டும். பாடநூல் பற்றிய குறைகளைத் தனியாக எழுதிவையுங்கள். கடைசியில் கடிதம் எழுதும்போது அவை பயன்படும்.

இரண்டு செய்திகளை மனதில் வையுங்கள். 2024 ஜூனில் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும், 2025 ஜூனில் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் கேரளத்தில் புதிய பாடநூல்கள் வந்தன. ஆகவே பழைய நூலில் படித்தவர்களின் மதிப்பெண்ணையும் புதிய நூலில் படித்தவர்களின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்து ‘ஏறியது, இறங்கியது’ என்று பேசுவதில் பொருளில்லை. அடுத்தது, 2024–25 முதல் எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 சதவீதம் வாங்க வேண்டும் என்ற முறை வந்திருக்கிறது. கேள்வியின் மொழி புரியாத பிள்ளை அதற்கான விலையை இனி நேரடியாகக் கொடுக்கும். எல்.பி. வகுப்பிலேயே இதைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசரம் அதனால்தான்.

காலம் குறித்தல்

ஜூன் கடைசி வாரத்தில் முதல் அளவு. ஓணப் பரீட்சை முடிந்ததும் இரண்டாவது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் மூன்றாவது. மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். முதலமடை மாங்காய்க்குப் பேர்போன ஊர். ஜனவரிக்குப் பின் காய் பறிப்பும் பெட்டி கட்டுவதும் மும்முரமாகும்போது தாய் தகப்பன் விடியுமுன் தோப்புக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பிள்ளை வீட்டில் நின்றுவிடும். அந்த மாதங்களில் எடுக்கும் அளவு, கற்பித்தலைக் காட்டாமல் வருகையைக் காட்டும். இடுக்கியில் இதே சிக்கல் மழைக்காலத்தில் வரும். கலெக்டர் விடுமுறை அறிவிக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களைக் கணக்கில் கொண்டு முதல் அளவை மழை வலுக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

படிப்படியாக

1. ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். ‘நம் வாசிப்புத் திட்டம் வெற்றியா?’ என்று கேட்டால் ‘ஓரளவு’ என்ற பதில்தான் வரும். ‘வாரம் மூன்று நாள் நடக்கும் வாசிப்பு வகுப்புக்குப் பின், நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் முன்பின் பார்க்காத ஒரு பத்தியை வாசித்து, சொந்தப் பேச்சில் பொருள் சொல்கிறார்கள்?’ என்று எழுதுங்கள். ஒரு வகுப்பு, ஒரு திறன், ஒரு திட்டம். முதல் வருடம் இதற்கு மேல் தொடாதீர்கள். எல்லா வகுப்பையும் எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எடுப்பதுதான் பெரும்பாலான பள்ளிகள் செய்யும் தவறு. ஆகஸ்டில் தாள்கள் கட்டுக்கட்டாகச் சேரும். டிசம்பரில் அவற்றை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

2. நான்கு பேர் கொண்ட குழு. எஸ்.ஆர்.ஜி. கன்வீனர், அந்த வகுப்பின் ஆசிரியர், பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர், தாய்மார் பி.டி.ஏ.விலிருந்து ஒருவர். வகுப்பாசிரியர் தம் வகுப்புப் பிள்ளைகளைத் தாமே அளக்கக் கூடாது. தெரியாமலேயே உதட்டசைவால் விடை எடுத்துக் கொடுத்துவிடுவார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் இங்கே வருவதற்கு ஈடாக, உங்கள் ஆசிரியரை அங்கே அனுப்புங்கள். செலவில்லாத உதவி இது.

3. வீட்டுமொழிப் பட்டியல். ‘தமிழ் மீடியம்’ என்பதாலேயே எல்லா வீட்டிலும் தமிழ் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கொங்குப் பகுதி அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் தெலுங்கும் சிலவற்றில் கன்னடமும் வீட்டுப் பேச்சு. முதலமடைப் பக்கத்து எரவாளர், மலசர் பிள்ளைகளுக்கு அவரவர் பேச்சு தனி. மூணாறு தோட்ட லயங்களில் இன்று ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த குடும்பங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘அம்மா உன்னை எந்தப் பேச்சில் சாப்பிடக் கூப்பிடுவாங்க?’ என்று கேட்டு, வருகைப் பதிவேட்டு எண்ணுக்கு எதிரே குறியுங்கள். ‘உன் தாய்மொழி என்ன?’ என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் எதைச் சொன்னால் பாராட்டு கிடைக்குமோ அதைத்தான் பிள்ளை சொல்லும்.

4. நடந்த பீரியடுகளை எண்ணுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி. உங்கள் பள்ளியில் உண்மையில் எத்தனை? டீச்சிங் மேனுவலையும் வருகைப் பதிவையும் எடுத்து, ஒரு பாடத்துக்கு மட்டும் ஜூன் முதல் எண்ணிப் பாருங்கள். கிளஸ்டர் கூட்டம், கலோத்சவம், மழை விடுமுறை, ஆசிரியர் இல்லாத நாள் என்று கழியும் கணக்கைத் தனித்தனியே எழுதுங்கள். இதோடு மூன்று தேதிகளையும் குறிக்க வேண்டும்: தமிழ்ப் பாடநூல் பிள்ளை கைக்கு வந்த நாள், தமிழில் ஆசிரியர் கையேடு உங்களுக்குக் கிடைத்த நாள், காலியிடத்துக்குத் தினக்கூலி ஆசிரியர் சேர்ந்த நாள். நடக்காத பாடத்தை ‘பலனளிக்கவில்லை’ என்று எழுதுவது பொய்க்கணக்கு.

5. வாசிப்பு அளவு. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வின் முறை எளிது: எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று ஏறுவரிசையில் ஒரே தாளில் இருக்கும், ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார்கள். அதே மாதிரியில் உங்கள் ஊர்ப் பேச்சுக்கு நெருங்கிய ஒரு தாளை நீங்களே தயாரியுங்கள். பாடநூலில் இருக்கும் பத்தியைப் போடாதீர்கள்; மனப்பாடத்தை அளந்து ஏமாறுவீர்கள். தடங்கலின்றி வாசித்துவிட்டு ‘என்ன கதை?’ என்றால் விழிக்கிற பிள்ளையைத் தனியாகக் குறியுங்கள். எல்லைப் பள்ளிகளில் இவர்கள் கணிசம். சத்தமாக வாசிப்பதால் ஆசிரியர் கண்ணில் நல்ல மாணவர்களாகவே தெரிவார்கள்.

6. ஒரே கணக்கை இரண்டு முறை கேளுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

ஓணப் பரீட்சைத் தாளில் பலர் தவறிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ஒவ்வொன்றிலும் 8 மாங்கனிகள் உள்ளடங்கிய 6 கூடைகளிலிருந்து பயன்படுத்த இயலாத 5 மாங்கனிகள் நீக்கம் செய்யப்படின் எஞ்சுவன எத்தனை?’ முதலில் இதைத் தாளிலேயே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து, எண்களை மட்டும் சற்று மாற்றி, அதே பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேச்சில் கேளுங்கள்: ‘ஒரு கூடைக்கு 7 மாங்கா. மொத்தம் 6 கூடை. அதுல 4 மாங்கா அழுகிப்போச்சு. மிச்சம் எத்தனை இருக்கும்?’ விடை 38. எழுதியும் பார்க்கலாம், விரல் மடக்கியும் பார்க்கலாம், எதற்கும் தடை வேண்டாம்.

நான்கு விதமாகப் பதில் வரும்.

அ. இரண்டிலும் சரி. இந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆ. தாளில் தவறு, பேச்சில் சரி. கணக்கு தெரியும், கேள்வியின் தமிழ் தடுத்திருக்கிறது.

இ. இரண்டிலும் தவறு. புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ கொடுத்து மூன்றாம் முறை பார்க்கவும். அப்போது வந்தால், பெருக்கலின் பொருள் தெரியும், எண்களுக்கு மாறும் இடத்தில் தடுமாறுகிறது. அப்போதும் வராவிட்டால், அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஈ. தாளில் சரி, பேச்சில் தவறு. பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கலாம், உங்களைப் பார்த்துப் பயந்திருக்கலாம். வேறு ஒருவர் இன்னொரு நாள் கேட்கட்டும்.

வகுப்பில் ‘ஆ’ கூட்டம் பெரிதாக இருந்தால் கணக்குக்கு எக்ஸ்ட்ரா பீரியடு கொடுத்துப் பயனில்லை. கேள்வித்தாள் தமிழை வாசித்துப் பழகும் நேரம்தான் தேவை. ‘இ’ பெரிதாக இருந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாகப் பொதுவான ‘ரெமடியல்’ வகுப்பு வைப்பதால்தான் வருடக்கணக்கில் பலன் தெரிவதில்லை.

*குறிப்பு:* வகுப்பில் 15 பேர் வரை இருந்தால் எல்லோரையும் கேளுங்கள். அதற்கு மேலிருந்தால் பதிவேட்டில் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று எண்ணி எடுங்கள். ‘கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

*குறிப்பு:* மலையாளத்தையும் இதே முறையில், ஆனால் தனியாக அளவிடுங்கள். 2017-ன் மலையாள மொழிக் கற்றல் சட்டத்துக்குப் பின் மலையாளம் எல்லாப் பள்ளிக்கும் உண்டு. பி.எஸ்.சி. தேர்விலும் அரசு ஆபீசிலும் நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தமிழில் பொருள் புரிந்து வாசிக்கும் பிள்ளைக்கு மலையாளமும் விரைவில் பிடிபடும். ஒன்றின் அளவை மற்றதோடு சேர்த்துச் சராசரி போட்டால் இரண்டும் மறைந்துபோகும்.

7. வகுப்பில் உட்கார்ந்து பார்த்தல். முந்தின நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பின்பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூன்றை மட்டும் குறியுங்கள்: இப்போது பேசுவது யார், எந்த மொழியில், எத்தனை பிள்ளைகள் கையில் வேலை இருக்கிறது. ஒரு பீரியடுக்கு எட்டு ஒன்பது குறிப்புகள் சேரும். ‘நன்று’, ‘திருப்தி’ போன்ற சொற்கள் தாளில் வரவே கூடாது. தமிழ் வழி வகுப்பில் பாடம் எடுப்பவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தெரிந்தால், அது நியமனத்தின் குறை. அவருடைய குறையாக எழுதாதீர்கள். அன்று மாலைக்குள் ஆசிரியரிடம் தாளைக் காட்டி, அவர் சொல்வதையும் அதிலேயே எழுதுங்கள்.

8. பாடநூலை வாசித்துக் குறித்தல். அந்தப் பருவத்துக்கான பக்கங்களை மட்டும். பிள்ளைக்குப் பழக்கமில்லாத சொல், மூலத்தோடு பொருந்தாத வாக்கியம், படத்துக்கும் கேள்விக்கும் உள்ள பொருத்தமின்மை என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். மலையாளப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

9. சி.பி.டி.ஏ. (வகுப்புப் பெற்றோர்-ஆசிரியர்) கூட்டம். மதிப்பெண்ணை வாசித்துக் காட்டுவதோடு முடித்துவிடாமல் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: வீட்டில் பிள்ளை சத்தமாக வாசித்து நீங்கள் கேட்டதுண்டா? பள்ளிக்கு வராத நாட்களில் பிள்ளை எங்கே இருந்தது? தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் பகல் 2 மணிக்கு வர முடியாது. கூட்டத்தை மாலையில் ஊருக்குள்ளேயே வைத்தால் வருவார்கள்.

கணக்குப் பார்க்கும்போது

வகுப்பில் 9 பேர் இருந்தால் ‘44 சதவீதம்’ என்று எழுதாதீர்கள். ‘9 பேரில் 4 பேர்’ என்று எழுதுங்கள். ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் சதவீதம் பதினொன்று குறைந்துவிடும். போன வருட நான்காம் வகுப்பை இந்த வருட நான்காம் வகுப்போடு ஒப்பிடாதீர்கள். அதே பிள்ளை ஜூனில் எங்கே நின்றது, டிசம்பரில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இடையில் டி.சி. வாங்கிப் பொள்ளாச்சிப் பக்கமோ ஆங்கில வழிக்கோ போனவர்களைக் கணக்கிலிருந்து அழித்துவிடாமல் ‘சென்றவர்’ என்று தனி வரிசையில் வையுங்கள். அவர்கள் போனதற்கான காரணமும் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான்.

ஆறாவது வேலைநாளில் எடுக்கும் பிள்ளைகள் எண்ணிக்கையில் ஆசிரியர் பணியிடம் தொங்கிக்கொண்டிருப்பதால், எண்ணிக்கை குறித்த எந்தப் பேச்சும் எஸ்.ஆர்.ஜி.யில் பதற்றத்தைக் கிளப்பும். அந்தப் பயத்தில் அளவுகளைத் திருத்தி எழுதுவது நடக்கக்கூடியதே. ‘இந்தத் தாள் பணியிடக் கணக்குக்குப் போகாது’ என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

1. அளவின் முடிவைப் பெயரோடு கரும்பலகையிலோ பள்ளி வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். பிள்ளை திணறுவதை வீடியோ எடுக்கவே கூடாது.

2. ‘இ’ கூட்டத்தைத் தனி பெஞ்சில் உட்காரவைக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு அடிப்பதை மட்டுமல்லாமல் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது.

3. பிள்ளைகளை ஒதுக்கிவைக்காமல் இருப்பது, கோவிந்தாபுரம் போன்ற ஊரில் இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது. இங்குள்ள அம்பேத்கர் காலனியின் சாதிப் பாகுபாடு 2017-ல் மாநிலம் முழுதும் செய்தியானது. வீட்டுமொழிப் பட்டியல் சாதிப் பட்டியலாக மாறிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெயருக்குப் பதில் எண் மட்டும் போட்டு, தாள் உங்கள் அலமாரியில் பூட்டியிருக்கட்டும். எந்தக் காலனிப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ‘காலனிப் பிள்ளைகள் இப்படித்தான்’ என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

4. சிறப்பு வகுப்பை மாலையில் வைக்கும் முன் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். தேயிலை, ஏலத் தோட்டப் பகுதிகளிலும் காட்டோரத்திலும் யானை நடமாட்டம் உள்ள பாதையில் பிள்ளைகள் நடந்து போவதாக இருந்தால், மாலை வகுப்பே வேண்டாம். காலை முதல் பீரியடில் வையுங்கள்.

5. மதிய உணவுக்கு முன் பசியோடு இருக்கும் பிள்ளையை அளக்காதீர்கள்.

முடிவெடுத்து எழுதுதல்

டிசம்பர் எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் ஒரே ஒரு பக்கம். அதில் மூன்று தலைப்புகள்: தொடர்வது, மாற்றுவது, நிறுத்துவது. மூன்றாவதைக் காலியாக விடாதீர்கள். பலன் தராத ஒரு திட்டத்தை நிறுத்தினால்தான் பலன் தருவதற்கு நேரம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று இருக்கட்டும்.

பாடநூலின் தமிழ், காலியிடம், தாமதமாக வந்த கையேடு ஆகியவை உங்கள் அதிகாரத்துக்கு வெளியே உள்ளவை. அவற்றுக்கு ஏ.இ.ஓ. வழியாகக் கடிதம் எழுதுங்கள். பாடநூல் குறைகளை எஸ்.சி.இ.ஆர்.டி.க்கும் டயட்டுக்கும் அனுப்புங்கள். ‘தமிழ்ப் பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள்’ என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். ‘நான்காம் வகுப்பில் 12 பேர், இந்தக் கணக்கைத் தாளில் 9 பேர் தவறவிட்டார்கள், பேச்சில் கேட்டபோது அந்த 9 பேரில் 6 பேர் சரியாகச் சொன்னார்கள், கேள்வியின் நகல் இணைப்பு’ என்ற மாதிரியில் உங்கள் எண்களைப் போட்டு எழுதுங்கள். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்கிறது. கூடுமானவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ம் பிரிவு சொல்கிறது. இரண்டையும் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

அனுப்பிய கடிதத்தின் நகலையும் அந்த ஒரு பக்கத்தையும் எண்கள் எழுதிய தாள்களையும் ஒரே கோப்பில் கட்டி, கோப்பின் மேல் வருடத்தை எழுதிவையுங்கள். தலைமையாசிரியர் மாறிப் போவார். அடுத்து வருகிறவர் ஜூன் மாதத்தில் வெறுங்கையோடு தொடங்கக் கூடாது. பதவி ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக்கொத்துக்கும் இருப்புப் பதிவேட்டுக்கும் அடுத்தபடியாக அந்தக் கோப்பின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.